எப்போ உதறுது?

மாரிகுப்பம் ஸ்டேஷன் வாசலிலும் ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை ஸ்டாண்டுகளிலும் கார் ஓட்டும் தம்பிகளுக்கு,

போன மாதம் மட்டும் உங்களில் ஏழு பேர் என் ஷெட்டுக்கு வந்தீர்கள். ஏழு பேரும் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, ஸ்டீரிங் உதறுது." நான் திருப்பிக் கேட்டதும் ஒன்றுதான்: "எப்போ உதறுது?" ஐந்து பேருக்குப் பதில் தெரியவில்லை. ஒருவர் "எப்பவுமேதான்ணே" என்றார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டிப் பார்த்தேன். 80 வரை ஒன்றுமில்லை. 85ல் தொடங்கியது, 95ல் கை மரத்துப்போகும் அளவுக்கு ஆடியது, 110 தாண்டியதும் அடங்கிவிட்டது. அந்தத் தம்பி இரண்டு வருடமாக ஓட்டும் வண்டி அது.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால்தான் இந்த மடல். ஸ்டாண்டில் சவாரி வராத நேரத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

இந்த உதறல் ஏன் திடீரென்று எல்லார் வண்டியிலும் வந்தது? வண்டிகள் திடீரென்று கெட்டுவிடவில்லை. முன்பெல்லாம் நம் ஊரிலிருந்து பங்காருபேட்டைக்கும் கோலாருக்கும் நாற்பதிலும் ஐம்பதிலும் போனோம். பள்ளம், வேகத்தடை, மாடு, மறுபடியும் பள்ளம். அந்த வேகத்தில் சக்கரத்தின் குறை வெளியே தெரியாது. சென்னை–பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயில் ஒசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரைக்குமான சுமார் 70 கிலோமீட்டரைத் திறந்துவிட்ட பிறகு, நீங்கள் பேத்தமங்கலத்தில் ஏறியதும் நூறைத் தொடுகிறீர்கள். நம் ஊர்ச் சாலை பத்து வருடம் மறைத்து வைத்ததை அந்தச் சாலை பத்தே நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஏன் நூறு கிட்டப் போகும்போது மட்டும்? ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். உங்கள் சின்னக் காரின் 13 இஞ்ச் சக்கரம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 சுற்று சுற்றுகிறது. ரிம்மின் ஒரு பக்கத்தில் வெறும் 20 கிராம் எடை கூடிவிட்டால், அந்த வேகத்தில் அது சுமார் 3 கிலோ பலத்தோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, நொடிக்கு 15 தடவை. ஐம்பதில் போகும்போது அந்த இழுப்பு கால்வாசிதான், சுமார் முக்கால் கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. அதோடு, சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் தனக்கென்று ஒரு ஆட்ட வேகம் உண்டு. ஊஞ்சலை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால்தானே எகிறும்? சக்கரத்தின் சுற்றும் அந்த ஆட்டமும் ஒன்றுசேரும் வேகத்தில் உதறல் எகிறும். அதைத் தாண்டிவிட்டால் அடங்கும். "85ல் வந்து 110ல் போகுது" என்று ஒருவர் சொன்னால், பத்துக்கு எட்டு வண்டியில் சக்கரத்தின் பேலன்ஸ்தான் குற்றவாளி. கையில் தெரிந்தால் முன் சக்கரம். ஸ்டீரிங் சும்மா இருக்க, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம்.

நம் ஊருக்கு நடுக்கம் புதிது இல்லை. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பிறந்தவர்களுக்கு ராக் பர்ஸ்ட் என்றால் தெரியும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்துத் தெறிக்கும்போது தொழிலாளர் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், சுவரில் கீறல் விழும். அம்மாக்கள் வாசலுக்கு ஓடிவந்து ஷாஃப்ட் பக்கம் பார்த்தபடி நிற்பார்கள். அந்த நடுக்கத்தைப் படிக்க சுரங்கத்தைச் சுற்றி அதிர்வுமானிகளைப் பதித்திருந்தார்கள். 1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தையே நம் ஊரில் தொடங்கினார்கள். வேலை இதுதான்: அதிர்வு எந்தக் கருவிக்கு எந்த நொடியில் வந்தது என்று பார்ப்பது. ஒன்றுக்கு முன்னால், இன்னொன்றுக்குச் சற்றுப் பின்னால். அந்த நேர வித்தியாசத்தை வைத்தே பாறை எங்கே உடைந்தது என்று சொல்லிவிடுவார்கள். எவ்வளவு பலமாக ஆடியது என்பதைவிட எப்போது ஆடியது என்பதுதான் இடத்தைச் சொல்லும். நான் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். 2001 பிப்ரவரி 28ல் கம்பெனியை மூடியபோது கையிலிருந்த ஸ்பானரோடு இந்த ஷெட்டுக்கு வந்தேன். அங்கே பார்த்ததைத்தான் இங்கே காரில் செய்கிறேன்.

ஸ்டீரிங் உதறினால் ஷெட்டுக்கு வரும்முன் நீங்களே நான்கு விஷயம் கவனித்து வாருங்கள். எந்த வேகத்தில்? பிரேக் போடும்போது மட்டுமா? பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வருகிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் போகிறதா? இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

வேகத்தில் மட்டும் வருவதை மேலே சொல்லிவிட்டேன். அதற்குக் காசு செலவழிக்கும் முன் ஒரு வேலை. சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். போன மழைக்கு ஒரு தம்பி வந்தார். வெளியூர்க் கடை ஒன்றில் லோயர் ஆர்ம் இரண்டும் மாற்றிவிட்டார்கள், அலைன்மெண்ட் இரண்டு தடவை, அப்படியும் உதறல் நிற்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ரிம்முக்குள்ளே சுரங்கக் கழிவான சயனைட் மேட்டிலிருந்து மழையில் இறங்கி வரும் சாம்பல் சேறு, காய்ந்து சிமெண்ட் மாதிரி ஒட்டியிருக்கிறது. ஒரே பக்கம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்தேன், உள்ளங்கை நிறைய வந்தது. தண்ணீர் அடித்துக் கழுவி மாட்டினேன். எக்ஸ்பிரஸ்வேக்குப் போய் ஓட்டிவிட்டு, "அண்ணே, பாலு மாதிரி போகுது" என்று போன் செய்தார். அந்த வேலைக்கு நான் வாங்கியது ஒரு டீ.

கழுவியும் போகவில்லையென்றால் அடுத்ததும் இலவசம்தான். முன் சக்கரத்தைப் பின்னால், பின் சக்கரத்தை முன்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் கையிலிருந்து சீட்டுக்குப் போய்விட்டால் சக்கரம்தான், டயர்தான். அதற்குப் பிறகு பேலன்சிங் கடைக்குப் போங்கள். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து சில நூறு ரூபாய். மெஷினில் போடும் முன் பழைய ஈயக்கட்டிகளைக் கழற்றச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு இன்னொரு தடவை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், உள்பக்கமும் வெளிப்பக்கமும் பூஜ்யம் வர வேண்டும். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பூஜ்யமே வராமல் மறுபடி மறுபடி ஈயம் ஒட்டிக்கொண்டே போனால், ரிம் நெளிந்திருக்கும் அல்லது டயருக்குள் பெல்ட் பிரிந்திருக்கும். பெல்ட் பிரிந்த டயர் முப்பது நாற்பதிலேயே வண்டியை அன்னநடை போடவைக்கும். டயர் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் கொப்புளம் மாதிரி தட்டும். அதை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது.

வெளிக்கடை அலாய் வீல் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், அந்த இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் நட்டு போல்ட்டில் மட்டுமே நிற்கும், நடு மயிரிழை விலகியே சுற்றும். எத்தனை பேலன்சிங் செய்தாலும் போகாது. அழகுக்குச் செலவழித்தவர்கள் இந்த வளையத்துக்கு யோசிப்பதுதான் எனக்கு வேடிக்கை.

இப்போது பிரேக். நேராகப் போகும்போது சும்மா இருந்து, பிரேக்கைத் தொட்டதும் ஸ்டீரிங் படபடவென்று அடித்தால் முன் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க்கின் தடிமன் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்திருக்கும், அல்லது ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போதும், கையில் தெரிந்துவிடும். உங்களில் பலர் திருப்பதி சவாரி போகிறீர்கள். திருமலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக், கீழே அலிபிரிக்கு வந்ததும் காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து நிற்பது. கொதிக்கிற டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு திட்டாகப் படிந்துவிடும். அடுத்த வாரம் உதறல். இறங்கும்போது இரண்டாவது கியரில் விடுங்கள், பாதி வேலையை இன்ஜின் செய்யட்டும். கீழே வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம்.

டிஸ்க் கெட்டதற்கு என் கையே காரணமாக இருந்த கதையும் உண்டு. ஷெட் போட்ட புதிது. சுரங்கத்து ஆள் இல்லையா, எதையும் இறுக்கினால் இறுகியதாக இருக்க வேண்டும். வீல் ஸ்பானரில் நான்கடிப் பைப்பைச் சொருகி, அதன் மேல் ஏறி நின்று நட்டை இறுக்குவேன். பெருமை வேறு. ஒரே வண்டிக்கு மூன்று தடவை டிஸ்க் கடைந்தும் உதறல் திரும்பித் திரும்பி வந்தது. நாலாவது தடவைதான் உறைத்தது: ஒரு நட்டை உயிர்போக இறுக்கி, அடுத்ததைச் சுமாராக இறுக்கினால் டிஸ்க்கே நெளிந்து உட்காரும். ஹப்பில் துரு இருந்தாலும் அதே கதைதான். அன்றிலிருந்து ஹப்பை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குகிறேன். அந்த வண்டிக்காரரிடம் மூன்று தடவையும் காசு வாங்கியிருந்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அவர் அதற்குப் பிறகு வரவில்லை. டிஸ்க்கைக் கடையச் சொல்பவர்கள், அதன் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பதைப் பாருங்கள். அதற்குக் கீழே போய்விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

மிதித்தால் உதறி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட். திரும்பும்போது டக் டக் டக் என்றால் வெளி ஜாயிண்ட். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ரப்பர் பூட் கிழிந்ததுமே மாற்றியிருந்தால் ஜாயிண்ட் பிழைத்திருக்கும்.

இனிதான் நான் உண்மையில் சொல்ல வந்தது. மேலே சொன்ன உதறல்களில் பலதும் பெரிதாகச் சத்தம் போடும், கையை ஆட்டும், ஆனால் ஆளைக் கொல்லும் ரகம் குறைவு. முன்பக்கத்தில் தேய்ந்துபோன பால் ஜாயிண்ட்டும் டை ராட் எண்டும் பல வண்டிகளில் உதறவே உதறாது. பள்ளத்தில் இறங்கும்போது ஒரு "டொக்". ஸ்டீரிங்கில் இரண்டு விரல் அளவு வெறும் ஆட்டம். நேர் சாலையில் வண்டி லேசாக அலையும், நீங்களும் அனிச்சையாகத் திருத்திக்கொண்டே போவீர்கள், அது பழகிவிடும். டை ராட் எண்ட் கழன்றால் ஸ்டீரிங்குக்கும் அந்தச் சக்கரத்துக்கும் உறவே போய்விடும். பால் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டால் சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் போகும். நாற்பதில் நடந்தால் ஓரத்தில் நிற்பீர்கள். நூறில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

சுரங்கத்தில் கேஜில் ஆளை இறக்கும் கயிற்றைத் தினமும் பார்த்தார்கள், தம்பிகளா. கயிறு ஏதாவது சொன்னதாலா பார்த்தார்கள்? ஒன்றும் சொல்லாத கயிறு என்பதால்தான். மெதுவாக ஓடவிட்டு, பழந்துணியைச் சுற்றிப் பிடித்து, எங்காவது ஒரு கம்பி முறிந்து துணியில் கொக்கி போடுகிறதா என்று கையாலேயே பார்ப்பார்கள்.

உங்கள் வண்டிக்கு அந்தக் கயிறு முன்பக்க ஜாயிண்ட்டுகள். பார்க்கும் முறை இது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரத்தின் மேலேயும் கீழேயும், கடிகாரத்தில் 12லும் 6லும் பிடிப்பது போல் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம், பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். எது என்று பிரிக்க ஒரு தந்திரம்: ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காமல் ஆடினால் பால் ஜாயிண்ட் பக்கம். பிறகு 9லும் 3லும் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆடினால் டை ராட் எண்ட், அல்லது ரேக்கின் உள் முனை.

உங்களில் பெரும்பாலோர் ஓட்டும் சின்னக் கார்களில் ஸ்பிரிங் மேலே ஸ்ட்ரட்டில் இருக்கிறது, கீழ் பால் ஜாயிண்ட் சும்மா வழிகாட்டத்தான். தேய்ந்தது கையால் ஆட்டினால் சிலசமயம் தெரியாது. டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையை விட்டு மெல்ல நெம்பினால் தேய்ந்த பால் ஜாயிண்ட் மேலும் கீழும் துள்ளும். நல்லது துள்ளாது. குட்டியானை லோடு வண்டி ஓட்டுபவர்களுக்கு: உங்கள் வண்டியின் முன்பக்கம் ஒரே அச்சு, பட்டை ஸ்பிரிங், கிங் பின். 12–6ல் ஆடினால் கிங் பின் புஷ்ஷையும் சேர்த்துப் பாருங்கள். தேய்ந்த கிங் பின்னோடு ஒரு பள்ளத்தில் விழுந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து கூத்தாடும், நிற்கும் வரை நிற்காது.

கடைசிச் சோதனைக்கு வண்டி தரையிலேயே இருக்கட்டும். இன்ஜினை ஓடவிட்டு, நண்பர் ஸ்டீரிங்கை இடம் வலமாக ஒரு கையகலம் மட்டும் ஆட்டட்டும். நீங்கள் பக்கவாட்டில் குந்தி, ஒவ்வொரு ஜாயிண்ட்டின் மேலும் விரல் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். இரண்டு பகுதியும் ஒன்றாக நகர வேண்டும். ஒன்று நகர்ந்து, மற்றது ஒரு மூச்சு கழித்து நகர்ந்தால் அதுதான். போன வாரம் ஒரு தம்பியின் வண்டியில் இடது டை ராட் எண்டின் ரப்பர் கிழிந்து தொங்கியது. உள்ளே இருந்த கிரீஸை விரலில் எடுத்தேன். செம்மண்ணும் கிரீஸும் கலந்து மஞ்சள்குங்குமம் குழைத்த மாதிரி, தேய்த்தால் நெருநெருவென்று. எத்தனை மாதம் அந்த மண் ஜாயிண்ட்டை அரைத்திருக்கும்! அந்த வண்டியில் உதறலே இல்லை. அவர் வந்தது ஏ.சி. கூல் ஆகவில்லை என்று.

அலைன்மெண்ட் பற்றி ஒன்று. உதறல் என்றாலே நீங்கள் அலைன்மெண்ட் கடைக்கு ஓடுகிறீர்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், அதற்குத்தான் அலைன்மெண்ட். உதறலுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. ஆடுகிற டை ராட் எண்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்தால், கடை வாசல் தாண்டும் முன் அந்த அளவு மாறிவிடும். முதலில் தேய்ந்ததை மாற்று, பிறகு அலைன்மெண்ட். டை ராட் எண்ட் மாற்றினால் அலைன்மெண்ட் செய்தே ஆக வேண்டும். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு, புதியதை அதே சுற்றில் மாட்டினால் கடை வரைக்கும் வண்டி ஒழுங்காகப் போகும். அவ்வளவுதான் அந்தக் கணக்கின் உபயோகம்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். மாதத் தவணை கட்ட வேண்டும். காலை ரயிலை விட்டவர்களைப் பெங்களூருவில் நேரத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஒரு நாள் வண்டி நின்றால் அன்று அடுப்பு எரியாது. அதனால்தான் சொல்கிறேன், எதையும் மொத்தமாக மாற்றாதீர்கள். "முன்பக்கம் முழுக்க மாத்திடலாம்" என்று ஒருவர் சொன்னால், எந்த ஜாயிண்ட் எவ்வளவு ஆடுகிறது என்று உங்கள் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டியதை மாற்றுங்கள். காட்ட முடியாததற்குப் பணம் கொடுக்காதீர்கள், கேட்பது நானாகவே இருந்தாலும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஷெட்டைத் திறந்து வைக்கிறேன். பார்ப்பதற்குக் காசு இல்லை. ஜாக்கி, ஸ்டாண்ட், கடப்பாரை எல்லாம் என்னிடம் இருக்கிறது. வரும்போது கூட ஒருவரை அழைத்து வாருங்கள். பிரேக் மிதிக்க ஆள் வேண்டும், என் பையன் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டான்.

அன்புடன்,
ஷெட்காரன்
மாரிகுப்பம்